இட்லித் தீவுகள்

தட்டு நிறையச் சாம்பாரை ஊற்றி, நடுவில் நாலு இட்லியை இடம் விட்டு வைத்தாள் அமுதவல்லி.

அதுதான் கடல். அவைதான் தீவுகள்.

"பெரிசா இருக்கே, இது சாண்டோரினி. மொதல்ல இங்க எறங்குறோம். அப்புறம் கப்பலேறி மைக்கோனோஸ்."

ஆள்காட்டி விரலைக் கப்பலாக்கிச் சாம்பாரில் ஓட்டினாள். விரல் சுட்டது. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

எதிரே சம்மணமிட்டிருந்த கோபிநாத்துக்கு நல்ல பசி. ஆனாலும் மனைவி இப்படித் துள்ளிக்கொண்டு பேசி ரொம்ப நாளாகிவிட்டதால், இட்லியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாம் புதுச்சேரிப் பக்கம் சேதராப்பட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி ஒட்டிய போஸ்டரால் வந்த வினை. நீலக் கடல், மலைச்சரிவெல்லாம் வெள்ளை வீடுகள். கம்பெனியின் வெள்ளி விழாவுக்காக, தொழிலாளர் ஒருவருக்குக் குலுக்கல் முறையில் 'கிரேக்கத் தீவுகளுக்கு இணையருடன் இன்பச் சுற்றுலா' என்று சுத்தத் தமிழில் அச்சடித்திருந்தார்கள்.

குலுக்கல் நேற்றே முடிந்துவிட்டது. பெயர் திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் வரும்.

இன்று ஞாயிறு. அமுதவல்லியால் நாளை வரை காத்திருக்க முடியவில்லை.

எந்தத் தீவில் மணல் கறுப்பு, எந்தத் தீவில் காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகும், கப்பலில் எங்கே உட்கார்ந்தால் தலை சுற்றாது, எல்லாம் போனில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். இவர்கள் இதுவரை போன ஒரே கடல் பயணம் சுண்ணாம்பாற்றில் போட் ஏறியதுதான். அது கடலும் இல்லை, ஆறு. அதிலேயே கோபிநாத் வாந்தி எடுத்தான்.

கல்யாணமானதிலிருந்து அவள் ஊரைத் தாண்டியதெல்லாம் விசேஷத்துக்கும் சாவுக்கும்தான். பீச் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து வந்து நம் கடலைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, யாருக்கும் சமைக்காமல், தானும் போய் அவர்கள் கடலை முறைத்துப் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கோபிநாத்துக்கும் ஆசை இல்லாமல் இல்லை. நேற்று மத்தியானம் ஆபீஸிலிருந்து போன் வந்தபோது, அதுவாக இருக்குமோ என்று பதறித்தான் எடுத்தான். பார்த்தால், கம்பெனி ஸ்டோரில் அவன் கேட்டிருந்த ஏதோ சாமான் விஷயம்.

பசி பொறுக்காமல் ஒரு இட்லியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

போச்சு, மைக்கோனோஸைத் தின்று தீர்த்தாயிற்று, இனிமேல் கப்பல் நேராக நாக்சோஸுக்குத்தான் என்று அவள் சிரித்தாள்.

பேச்சு விசாவுக்குப் போனது. பீச் ரோட்டில் இருக்கிற பிரெஞ்சு கான்சுலேட்டில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றாள் அமுதவல்லி. வெளிநாடு என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த ஒரு வாசல்தான் தெரியும். கிரேக்கம் வேறு நாடாச்சே என்று அவன் இழுத்தான்.

சந்தேகம் எதற்கு என்று போனை வாய்க்கு நேரே பிடித்து, கிரேக்கம் போக விசா எங்கே வாங்குவது என்று கேட்டாள்.

கிரீஸ் நாட்டுக்கான விசா, என்று போன் ஆரம்பித்தது.

கிரேக்கத்தை இங்கிலீஷில் கிரீஸ் என்பார்களாம் என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. உங்கள் மெஷினுக்குப் போடுகிற மசகின் பெயரையா ஒரு நாட்டுக்கு வைப்பார்கள் என்றாள்.

கோபிநாத்தின் கையிலிருந்த இட்லி சாம்பாரில் விழுந்தது.

நேற்று போனில் பேசியது ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த சென்னைப் பெண். மெஷின் சத்தத்துக்கு நடுவே, உங்கள் பேருக்கு கிரீஸ் வந்திருக்கிறது, வாழ்த்துகள் சார் என்றாள். போன வாரம்தான் அவன் ஸ்டோரில் கிரீஸ் கேட்டிருந்தான். ஒரு டப்பா கிரீஸுக்கு வாழ்த்துச் சொல்கிறாளே, எவ்வளவு மரியாதையான பெண் என்று நினைத்துக்கொண்டான்.

தனக்கு இப்போது அவசரமில்லை, பாவாடைக்குக் கொடுத்துவிடுங்கள், அவனுக்குத்தான் ரொம்ப அவசியம் என்றும் சொன்னான். பாவாடை அவனோடு வேலை செய்கிறவன். கிரீஸ் காணாத அவன் வண்டிச் செயின் போடும் கூச்சலை செக்ஷனே கேலி செய்யும்.

நிஜமாகவா சார் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டாள். கிரீஸில் என்னம்மா இருக்கிறது, முழுசாகவே கொடுத்துவிடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். அவள் குரல் ஏன் தழுதழுத்தது என்பது இப்போதுதான் விளங்கியது.

இதை எப்படிச் சொல்வது என்று அவன் தவிக்கும்போதே தெருமுனையில் கிரீச், கிரீச் என்று செயின் சத்தம் கேட்டது.

பாவாடையும் அவன் மனைவி லட்சுமியும் ஸ்வீட் பாக்ஸோடு உள்ளே வந்தார்கள். பாவாடை, கோபிநாத்தின் சாம்பார்க் கையை அப்படியே பிடித்துக்கொண்டான்.

"கிரீஸ் டூர் எனக்குத்தான் ரொம்ப அவசியம்னு ஆபீஸ்ல சொன்னீங்களாமே அண்ணே. கூடப் பொறந்தவன்கூட இப்படி விட்டுக் குடுக்க மாட்டான்."

அமுதவல்லி பாவாடையைப் பார்த்தாள். கையில் இருந்த போனைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். முழுவதும் புரிந்துவிட்டது.

கோபிநாத் வாயைத் திறந்தான். இப்போது உண்மையைச் சொன்னால், நாளைக் காலையில் ஆபீஸில் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

அதற்குள் லட்சுமி, அமுதவல்லியை ஒட்டி நின்று வெட்கத்தோடு, அந்த ஊரில் கடல் எப்படியிருக்கும் அக்கா, நம் கடல் மாதிரியேதானா என்று கேட்டாள்.

அமுதவல்லிக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் ஜெயித்தது. நின்ற இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னவென்று தெரியாமல் லட்சுமியும் கூடச் சிரித்தாள்.

பிறகு புதுத் தட்டு ஒன்று எடுத்து வந்து, நிறையச் சாம்பார் ஊற்றி, சுடச்சுட நாலு இட்லியை இடம் விட்டு வைத்தாள்.

"உக்காரு லட்சுமி. பெரிசா இருக்கே, இது சாண்டோரினி."

கோபிநாத்துக்கு அப்புறம் இட்லி வரவில்லை.