இருக்கிறதிலேயே சின்னது

ரிமோட் ஹெலிகாப்டர்களில் மதலைமுத்துவின் கைக்காசுக்கு எட்டியது மிகச் சின்னதுதான். "விழுந்தாலும் உடையாதுண்ணே, பாப்பாவுக்கு ஏத்தது" என்றான் கடைக்காரன். ஊருக்குப் போகும் அறைத்தோழன் லாரன்ஸிடம் மகளுக்குக் கொடுத்தனுப்புமுன், ஓடுகிறதா என்று பார்க்க மதலைமுத்து அதை அறையில் பறக்கவிட்டான். அது கட்டில்களுக்கு மேலே ஒரு சுற்று வந்து, அவன் உள்ளங்கையிலேயே இறங்கியது. பிழைக்க வந்த இந்த ஊரில் வேறு எதுவும் அவனைத் தேடி வந்ததில்லை.

லாரன்ஸ் அது இல்லாமலே கிளம்பிப்போனான்.

மறுநாள் மகள் ஜெனி போனில் கேட்டாள்.

"ஹெலிகாப்டர் வாங்கிட்டியாப்பா? லாரன்ஸ் மாமா ஒண்ணும் தரலையே."

"விலை கூடுதலா இருக்குட்டி. பெறகு பாப்போம்."

"பெருசு வேண்டாம்ப்பா. இருக்கதுலயே சின்னது போதும்."

சற்றுமுன் பறந்து இறங்கிய ஹெலிகாப்டர், மதலைமுத்துவின் மடியில் இன்னும் சூடாகவே இருந்தது.