இரண்டு மூடி

"கோபம் முதல்ல வந்துச்சா, போதை மாத்திரை முதல்ல வந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டதும் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"இவளைக் கட்டினதுலேருந்துதான் எல்லாமே," என்றாள் வசுமதி. "தங்கமான பிள்ளை. சண்டை போட்டுப் போட்டே மாத்திரையைத் தேட வச்சுட்டா."

"கல்யாணத்தன்னிக்கே ஃபோனைச் சுவத்துல அடிச்சு உடைச்சுது அத்தை உங்க தங்கம்," என்றாள் நித்திலா. அவள் நெற்றியில் போட்ட தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை. "இன்னிக்கு ஒரு முடிவு தெரியலன்னா எங்க வீட்டுக்குப் போயிடுவேன்."

"போடி. பீடை விட்டுச்சுன்னு தலை முழுகறேன்."

இருவருக்கும் நடுவே இருபத்துமூன்று வயது முகிலன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சின்ன வயசுல பையனுக்குக் கோபம் வந்தா எப்படிம்மா அடக்குவீங்க?" என்று டாக்டர் வசுமதியைக் கேட்டாள்.

அலமாரியின் மேல்தட்டில் இருந்த இருமல் மருந்துப் புட்டி வசுமதிக்கு நினைவு வந்தது. ஐந்து வயதில் அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டு கத்தும்போதெல்லாம், இருமலே இல்லாத பிள்ளைக்கு இரண்டு மூடி ஊற்றுவாள். சற்று நேரத்தில் வீடு அடங்கிவிடும்.

"ஒரு அதட்டுப் போட்டா போதும், கேட்டுப்பான்," என்றாள்.

முகிலன் அப்போதுதான் நிமிர்ந்தான். அம்மாவின் பக்கம் திரும்பி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

வசுமதியின் மடியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சின்ன மூடியைப் பிடிப்பதுபோலத் தாமாகவே கூடின. நித்திலா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.