தோற்பதற்கு ஒரு கம்பெனி

நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் டெண்டர் பெட்டியின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தாள்.

அத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"கம்பெனி என் பேர்லதானே இருக்கு? கவர் பிரிக்கிறப்ப வந்து பார்க்கலாம்னு வெளில போர்டு போட்டிருக்கே."

சொல்லிவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எவ்வளவு சின்னக் கட்டட வேலையானாலும் மூன்று பேராவது விலை கொடுக்க வேண்டும், குறைந்த விலைக்காரருக்கே வேலை. அது நகராட்சியின் விதி. விதியை மீறுவது அத்தானுக்குப் பிடிக்காது. அதனால் அந்த மூன்று பேரையும் வீட்டிலிருந்தே கூட்டி வந்துவிடுவார். ஒன்று அவர். இன்னொன்று அவர் மனைவி, அதாவது என் அக்கா. மூன்றாவது, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான்.

அக்காவின் கம்பெனியும் என் கம்பெனியும் தோற்பதற்கென்றே பிறந்தவை. இதுவரை ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை.

அத்தானின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் அவர் தொகையைச் சொல்லச் சொல்ல, அக்காதான் மூன்று பேருக்கும் எழுதுவாள். அவருடையதை நேராக எழுதுவாள். தன்னுடையதை வலப்பக்கம் சாய்த்து, என்னுடையதை இடப்பக்கம் சாய்த்து. ஒரே ஆள் எழுதினதென்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! நான் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு சரி. தோற்கப் போகிறவன் எதைப் படித்துப் பார்ப்பது? கவர்களை ஒட்டிப் பெட்டியில் போடுவதும் அக்காதான்.

ஆனால் பிரிக்கிற அன்று மட்டும் வரவே மாட்டாள். முடிவு தெரிந்த ஆட்டத்தை யார் மெனக்கெட்டு வந்து பார்ப்பார்கள்?

இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு? எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வேலை பெரிய வேலை இல்லை. ஆரம்பப் பள்ளியில் ஒரு வகுப்பறையின் கூரை ஒழுகுகிறது, அதைச் சரி செய்ய வேண்டும். போன வருடமும் இதே கூரைதான். அதற்கு முந்தின வருடமும் இதேதான். இரண்டு தடவையும் பூசியது அத்தான். அவர் பூச்சு அடுத்த மழை வரைக்கும் நிற்கும். ஒரேயடியாக அடைத்துவிட்டால் அடுத்த வருடம் அடுப்பு எப்படி எரியும் என்பார்.

இந்த வருடம் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பது அவருடைய மகள்.

பூசியது யாருடைய அப்பா என்பது எப்படியோ பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு 'ஒழுகல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். மேகம் லேசாகக் கறுத்தாலே போதும், அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொள்வாள். அத்தான் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டாள்.

பொறியாளர் முதல் கவரைப் பிரித்து வாசித்தார். அது அத்தானுடையது. அத்தான் காலை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

இரண்டாவது அக்காவுடையது. பொறியாளர் தொகையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நான் செய்து கொடுத்த கண்ணாடிதான், அதில் கோளாறு இல்லை. அக்காவின் விலை அத்தானுடையதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைவாக இருந்தது.

அத்தானின் கால் நின்றுவிட்டது.

வீட்டுக்காரி கைதவறி எழுதிவிட்டாள், விலகிக்கொள்வாள் என்று எழுந்து நின்று சொன்னார். விலகட்டும், ஆனால் அடுத்த குறைந்த விலைக்காரருக்குத்தான் வேலை போகும் என்று சொல்லிக்கொண்டே பொறியாளர் மூன்றாவது கவரைப் பிரித்தார்.

இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. என் விலை அக்காவுக்கு மேலே, ஆனால் அதுவும் அத்தானுக்குக் கீழேதான் இருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. என் முழங்கையை ஓர் அழுத்து அழுத்தினாள். சின்ன வயதில் அப்பாவிடம் என்னைப் பொய் சொல்ல வைப்பதற்கும் இப்படித்தான் அழுத்துவாள். வந்தது வரட்டும் என்று, வேலை கிடைத்தால் செய்வேன் என்று தலையாட்டிவிட்டேன். செங்கல்லும் கண்ணாடியும் ஒன்றுதான் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

நீங்கள் விலகுகிறீர்களா அம்மா என்று பொறியாளர் கேட்டார்.

அக்கா இல்லை என்று தலையசைத்தாள்.

நகராட்சியின் வாசற்படியில் வைத்து அத்தான் சுதாரித்துக்கொண்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள் அவர்.

"சரி விடு, யார் பேர்ல வந்தா என்ன? ஏறிப் பூசப் போறது நான்தானே."

"நீங்களே பூசுங்க. ஆனா பில்லுல கையெழுத்துப் போடறது நான்தான். நல்லா ஒரு மழை பெஞ்சு ஓயட்டும், அப்புறம் போடறேன்."

அத்தான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. மழைக்காலத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.