ஸ்பீக்கரில் வராத குரல்

கேசட் ஓடத் தொடங்கியதும், குரல் வருவதற்கு முன்னால், மணலைச் சலிப்பதுபோல் ஓர் இரைச்சல் கேட்கும். அரூர் கடைத்தெருவையும் பக்ருதீன் பாயையும் நினைத்தால் எனக்கு அந்த இரைச்சல்தான் முதலில் வருகிறது.

பழைய டேப் ரெக்கார்டர்களை வாங்கி, பழுது பார்த்து விற்பவர் பாய். அன்று நான் என் ரேடியோவுக்காக அவர் கடையில் காத்திருந்தேன். ராமக்கா மருமகளையும் இழுத்துக்கொண்டு வந்து, பாயிடம் வாங்கிய டேப் செட்டை மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

"என்ன பாய், ஊமைச் செட்டை எங்க தலையில கட்டிட்டீங்க? துபாயிலருந்து எம் மவன் மாதேசு பேசி அனுப்பியிருக்கான். அவங் கொரலக் கேட்டு ரெண்டு வருசமாச்சு. செட்டு சுத்துது, சத்தம் வரல."

"வித்தன்னிக்கு நல்லாத்தானே பாடுச்சு ஆயா!"

பாய் செட்டைத் திறந்தார். இயர்போன் மாட்டும் துளைக்குள் இடுக்கியை விட்டார். ஒடிந்த தீக்குச்சி ஒன்று வெளியே வந்தது.

"இதான் விசயம். உள்ள எதாச்சும் இருந்தா, இயர்போன் மாட்டியிருக்காங்கன்னு ஸ்பீக்கர் வாய மூடிக்கும். குச்சி தானா போய் உக்காராது ஆயா. யாரோ குத்தி வெச்சிருக்காங்க."

ராமக்கா மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி மாதம்மா, நீதானே? நேத்து ஒத்தையா காதுல மாட்டிக்கிட்டு கேட்டியே! புருசன் கொரலு உனக்கு மட்டுந்தானா? பெத்தவ கேட்டா தேஞ்சா போயிடும்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாதம்மா கையிலிருந்த கேசட்டை முந்தானைக்குள் மறைத்தாள்.

"கேசட்டைக் குடுங்க, போட்டுப் பாத்துடலாம்" என்றார் பாய்.

"வேண்டாங்க பாய். வேற பாட்டு கேசட்டு போட்டுப் பாருங்க."

"பாத்தீங்களா இவ கள்ளத்தனத்த!" ராமக்கா அவள் கையிலிருந்து கேசட்டைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

எந்தச் செட்டையும் முதலில் இயர்போனில் கேட்டுப் பார்ப்பது பாயின் வழக்கம். கேட்டார். மாதம்மாவை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். திரும்பியபோது அவர் விரல்களில் கேசட்டின் நாடா கசங்கி, கொத்தாகத் தொங்கியது.

"செட்டு கேசட்டைத் தின்னுடுச்சு ஆயா. எந் தப்புதான்."

"அய்யோ, எம் மவன் பேச்சு! ஓட்டைச் செட்டை வித்தவனே, நீ உருப்படுவியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே ராமக்கா தெருவில் இறங்கினாள். பாய் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

செட்டை எடுத்துக்கொள்ள மாதம்மா பின்தங்கினாள்.

"கேட்டுட்டீங்களா பாய்?"

"கேட்டேம்மா."

"தை மாசம் வராராம். பெங்களூருல வூடு பாத்துட்டாராம். 'அம்மாவ எங்கயாச்சும் வுட்டுட்டு, நீ மட்டும் கிளம்பி இரு'ன்னு... இத எப்படிங்க அவங்க காதுல வுழ வுடுவேன்?"

வெளியே ராமக்காவின் வசவு இன்னும் ஓயவில்லை. மாதம்மா செட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

மாதேஸ் தை மாதம் வந்தான். பெங்களூருக்குத் தனியாகத்தான் போனான்.