லேத்துக்காரரின் பொம்மை

லேத் பட்டறை மேசைமேல் துப்பாக்கியை வைத்தார் இன்ஸ்பெக்டர். “லைசென்ஸ் இல்லாம இதைச் செஞ்சாலே ஜெயில்தான், தெரியுமில்ல?”

“அது பொம்மை சார்!” முந்திக்கொண்டாள் லேத்துக்காரரின் மனைவி. அவளுடைய வக்கீல் அண்ணன் சொல்லிக்கொடுத்த வசனம். லேத்துக்காரர் பக்கத்தில் நின்று கை எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் மூலையில் கிடந்த மணல் மூட்டையைக் குறிபார்த்து விசையை அழுத்தினார். சுடவில்லை. மறுபடியும் அழுத்தினார். ஊஹூம்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பொம்மைதாம்மா. அதுவும் படுமட்டமான வேலை. இவரை நம்பி ஒரு கேட் கொக்கிகூடக் குடுக்க முடியாது” என்று வாசலுக்கு நடந்தார்.

மனைவி அவசரமாகக் கணவரின் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் உதறினார்.

“யாரு வேலை சார் மட்டம்? சேஃப்டி லாக்கை எடுக்காம அழுத்தினா எப்படிச் சுடும்?”

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

“லாக்கைப் போட்டதே நான்தாங்க. அருமையான வேலை. வண்டியில ஏறுங்க.”