ஊளிக்குப் பல் விளக்குகிறவர்

“பெரியம்மா, உங்க நாயைக் கட்டிப் போடுங்க.”

தெருவில் நின்றபடியே சொன்னாள் ஜெப்சி. புஷ்பமேரியின் கொழுந்தன் ரூபஸின் மகள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனாலும் அந்த வீட்டு ஆட்கள் இந்தப் படியை மிதித்து வெகுகாலம் ஆகிவிட்டது.

புஷ்பமேரி பதறிப்போனாள். “என்னத்தா, கடிச்சிருச்சா?”

“கடிக்கல. அப்பா கட்டில்கிட்ட வந்து மூஞ்சிக்கு நேரா மூச்சு விடுது. ஒரே நாத்தம். அவரே வாதத்துல வலது கை விழுந்து, தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டுக் கெடக்காரு. குடிச்ச கஞ்சியெல்லாம் வெளிய வந்துருது.”

உள்ளேயிருந்து அவள் புருஷன் சந்தியாகுவின் குரல் பாய்ந்து வந்தது.

“என் நாய் வாயா நாறுது? அவுக வீட்டுல என்ன பன்னீரா மணக்குது?”

ஜெப்சி விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

ஊளி மீனைப் போல நீட்டு மூஞ்சி என்பதால் அந்த நாய்க்கு ஊளி என்று பேர். கடற்கரையில் மீன்குடலும் அழுகின நண்டும் தின்று வளர்ந்த வாய். நாறாமல் என்ன செய்யும்? அண்ணன் தம்பிச் சண்டை அதற்குத் தெரியாது. இரண்டு வீட்டிலும் வாலை ஆட்டும்.

மறுநாளே அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார் சந்தியாகு. தன்னுடைய சொத்தைப் பல்லுக்கு ஒருநாளும் டாக்டரைப் பார்க்காத மனிதர்.

“பல்லுல கோளாறு இல்லையாம். வீட்டுலயே பாத்துக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிருச்சு” என்றார் வந்ததும்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. விரலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, தேங்காய் எண்ணெயில் தொட்டு, ஊளியின் பல்லையும் ஈறையும் காலையும் மாலையும் தேய்த்தார். தயிர்ச்சோற்றில் மல்லித்தழையைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டார். கடித்து விளையாடப் பச்சைக் கேரட். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவினார். கரைப் பக்கம் போக ஊளிக்குத் தடை.

டீக்கடைத் தங்கப்பாண்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். “என்னண்ணே, நாய்க்குப் பொண்ணு பாக்கப் போறியளா?”

“ஆமாலே. ஒன்னைய மாதிரி பீடி நாத்தம் அடிக்காத சம்பந்தியாப் பாக்கணும்.”

புஷ்பமேரியால் பொறுக்க முடியவில்லை.

“கூடப்பொறந்தவன் கை விழுந்து கெடக்கான். போய் எட்டிப் பாக்க மனசு வரல. நாய்க்குப் பல்லு விளக்க மட்டும் வருதோ?”

“அவன் வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டானா?”

“எந்திரிக்க ஏலாதவன் எப்படி வருவான்?”

“திருவிழாவுல மாதா சப்பரத்துக்கு முன்கொம்பு தூக்க மட்டும் ஏலுச்சுல்ல? மூத்தவன் நான் நிக்கயில, ஊரே பாக்க, அவன்ல போய்த் தோள் குடுத்தான்!”

“அதுக்கு நாய் என்ன செய்யும்?”

“அந்த வீட்டுல ஒருத்தரும் என் நாயைக் குறை சொல்லக் கூடாது. அம்புட்டுத்தான்.”

மாதாவே, இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள் புஷ்பமேரி.

சும்மா சொல்லக் கூடாது, நாற்றம் போயே போய்விட்டது. சந்தியாகுவைப் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, ஊளியின் வாயைப் பிளந்து காட்டினார். “மோந்து பாரு! சந்தியாகு நாய்னா சும்மாவா?” மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தவர்கள், பொத்தின கையை எடுத்துவிட்டுப் போனார்கள்.

தினமும் சாயங்காலம் ஊளிக்கு இன்னொரு முறை வாயைத் துடைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போடுவார். “கரைப் பக்கம் காலாற நடந்துட்டு வாரேன்.”

“கரைக்கு விடக் கூடாதுன்னு சொல்லிட்டு, நீங்களே கூட்டிட்டுப் போறீக?”

“நான் கூட இருக்கேன்ல” என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார்.

ஒருநாள் மத்தியானம் ஜெப்சி மறுபடி வந்தாள். புஷ்பமேரி முந்திக்கொண்டாள். “இப்பத்தான் நாத்தமே இல்லையே ஆத்தா...”

“நாயைக் கட்டிப் போட்டுறாதீக, அதைச் சொல்லத்தான் வந்தேன்.” இந்தத் தடவை அவள் படியேறி உள்ளே வந்திருந்தாள். “சாயங்காலமானா வந்து அப்பா பக்கத்துல தலையை வச்சுப் படுத்துக்குது பெரியம்மா. அதைத் தடவிக் குடுக்கணும்னே அப்பா அந்தக் கையைத் தூக்கிப் பாக்குறாரு. நாங்க கெஞ்சிக் கேட்டும் அசையாத கை.”

அறைக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது.

“நாய் எங்கன போகுதுன்னு பாக்குறதா என் வேலை? வெக்கங்கெட்ட நாய். அதுவாப் போகுது, அதுவா வருது.”

அன்று பொழுது சாயும் நேரம். காயப்போட்ட துணியை எடுக்கக் கொல்லைக்குப் போன புஷ்பமேரி, முருங்கை மரத்தருகே அப்படியே நின்றுவிட்டாள்.

நடந்துவிட்டு வந்த சந்தியாகு ஊளியின் முன்னால் குத்தவைத்திருந்தார். அதன் வாயைப் பிளக்கவில்லை. உச்சந்தலையில் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் நின்ற இடம் வரைக்கும் தைல வாசனை வந்தது.

“நேத்து நெத்தியோட நின்னுருச்சு. இன்னைக்குக் காது வரைக்கும் தடவியிருக்கான்டா, ஊளி.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

“முன்கொம்பு தூக்குன கைடா அது. லேசுல விழுந்துருமா?”