கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

"சார், இன்னும் ஒரு அடி எடுத்து வச்சீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

தலைமை நர்ஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றார். பச்சிளங்குழந்தைகள் வார்டில் அவருக்குச் சுங்கச்சாவடி என்று பட்டப்பெயர். அவரைத் தாண்டி ஓர் ஈகூட உள்ளே போனதில்லை.

"ஒரே நிமிஷம் சிஸ்டர். மாஸ்க் போட்டிருக்கேன், கை கழுவிட்டேன்..." சொல்லி முடிப்பதற்குள் மனிதர் இரண்டு தும்மல் போட்டார்.

"பாத்தீங்களா! இந்தத் தும்மல்தான் பாப்பாவை இங்க கொண்டுவந்து சேர்த்துச்சு."

அவர் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பதினோரு வருடம் காத்திருந்து பெற்ற பெண். லேசான ஜலதோஷம்தானே என்று ஆசையாய் ஒரு முத்தம் கொடுத்தார். பிறந்த பன்னிரண்டாம் நாள் குழந்தைக்கு மூச்சு வாங்கியது. சளி வைரஸ். இன்று காலையிலிருந்து அந்தக் குட்டி இதயமும் தறிகெட்டு ஓடுகிறது. நூற்றைம்பது துடிக்க வேண்டிய இடத்தில் இருநூற்று எழுபது.

"ஜலதோஷக்காரனை உள்ள விடக்கூடாதுன்னு எந்த மடையன் சட்டம் போட்டான்?"

"நல்லாத் திட்டுங்க. எனக்கும் ரொம்ப நாளா ஆசைதான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குழந்தை அருகில் அவர் மனைவி. இவர் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளம் டாக்டர் பெண் வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"சார்... வந்து... இன்னும் இறங்கலை சார். ஊசி மருந்து தயாரா இருக்கு. ஆனா..."

"ஆனா?"

"அதுக்கு முன்னாடி ஐஸ் பை வச்சு, அந்தச் சில்லிப்புல துடிப்பு இறங்குதான்னு பாக்கலாம்னு..."

"முகத்துல வைங்க. மூக்கை மூடிடாதீங்க. அப்புறம் வந்து..."

"ஆரம்பிச்சுட்டாரு!" என்று குறுக்கிட்டார் சுங்கச்சாவடி. "பெத்தவங்க வைத்தியம் பாக்கக் கூடாது சார். அந்தப் பொண்ணும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கு. நீ போம்மா!"

அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். மெல்லிய துணி சுற்றிய ஐஸ் பை குழந்தையின் முகத்தில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தார். பத்தாவதில் திரையில் கோடு ஒரு கணம் நின்றது. அவருக்கு உயிரே போய்விட்டது.

மறுகணம், நூற்று நாற்பத்தெட்டு.

குழந்தை முகம் சிவக்க வீறிட்டது. சத்தம் வெளியே கேட்கவில்லை. அந்தப் பொக்கை வாயைப் பார்த்ததே போதும். மனைவி முதல் முறையாகத் திரும்பி அழுகையும் சிரிப்புமாய், மகளின் பிஞ்சு முஷ்டியைத் தூக்கி இவரிடம் ஆட்டிக் காட்டினாள். இளம் டாக்டர் பரீட்சை முடிந்தவளைப் போலப் பெருமூச்சு விட்டாள். இவர் நடைபாதையிலேயே ஒரு குதி குதித்தார். சுங்கச்சாவடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

"இப்பவாவது உள்ள விடுங்க சிஸ்டர்!"

"தும்மல் நின்னு ரெண்டு நாள் ஆகட்டும். கதவுக்கு மேல பலகையில என்ன எழுதியிருக்கு? சத்தமாப் படிங்க!"

அவர் அசடு வழிய நிமிர்ந்து படித்தார். "ஜலதோஷம் உள்ளவர்கள் யாராக இருந்தாலும், எவ்வளவு கெஞ்சினாலும், உள்ளே விடக்கூடாது."

"கீழ யாரு கையெழுத்து?"

"அந்த மடையனோடதுதான்" என்ற தலைமைக் குழந்தை மருத்துவர், பலகையில் இருந்த தன் கையெழுத்தை முறைத்துவிட்டு இன்னொரு தும்மல் போட்டார்.